கேள்வி கேட்காத கம்ப்யூட்டர்

பவுனம்மாள் அக்காவிடம் ஒரு கம்ப்யூட்டரை விற்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். எட்டு வருஷத்தில் இரண்டே இரண்டு மெஷின்தான் அவரிடம் தள்ள முடிந்தது. அதே எட்டு வருஷத்தில் கிள்ளானில் ஒரு டயர் கடைக்காரர் என்னிடம் ஐந்து வாங்கினார். அதில் மூன்று பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. அப்படிப்பட்ட புண்ணியவான்களால்தான் என் கடை நடந்தது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் டயர் கடைக்காரரைப் பற்றி ஒரு வரி கூட வரமாட்டேன் என்கிறது, இந்த அக்காவைப் பற்றித்தான் வருகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் அவர் கடை. ‘டைப்பிங், கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று கதவில் எழுதியிருக்கும். ஆனால் ஜோசியம் சொல்ல மாட்டார். பிறந்த தேதி, மணி, ஊர் மூன்றையும் கேட்டு வாங்கி மெஷினில் தட்டுவார். கட்டம் போட்ட ஜாதகம் கரகரவென்று பிரிண்டாகி வரும். “பலனெல்லாம் ஜோசியர்கிட்ட கேளுங்க, நான் டைப்பிஸ்ட்” என்று உறையில் போட்டுக் கொடுப்பார். அங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். இருபது வருஷம் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துவிட்டுத்தான் இந்தக் கடையைத் திறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க விடுகிற முகமும் இல்லை அது.

எண்பத்தேழில் அவருக்கு முதல் மெஷினை விற்றபோது எனக்கு வயது இருபத்தொன்று. மதராஸிலிருந்து வந்த ஒரு ஜாதகப் புரோகிராமை அதில் ஏற்றிக் கொடுத்தேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அந்தப் புரோகிராமுக்கு ஒரு வியாதி. ஒவ்வொரு ஜாதகத்துக்கும், ஊர் எதுவாக இருந்தாலும், ‘கிரீன்விச் மணிக்கும் உங்கள் மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். ஆயிரம் தடவை சொன்னாலும் ஆயிரத்தோராவது தடவையும் கேட்கும். அக்கா மானிட்டரின் பக்கவாட்டில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கண்ணாடியை மூக்கில் இறக்கிச் சீட்டைப் பார்ப்பார், ஒரு எண்ணைத் தட்டுவார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

தொண்ணூறில் நான் கிள்ளானில் சொந்தமாகக் கடை போட்டேன். போட்ட சூட்டில் அவரிடம் போய், “பழைய மெஷின் போதும்கா, புதுசு மாத்திடலாம். நாலு நிமிஷம் எடுக்கிற ஜாதகம் அரை நிமிஷத்துல வந்துரும்” என்றேன்.

“மிச்சம் மூணரை நிமிஷம் வந்தவங்க என்ன பண்ணுவாங்க?”

“சும்மா உக்காந்திருப்பாங்க லா.”

“இப்பவும் அதைத்தானே பண்றாங்க?”

தொண்ணூற்று மூன்றில் மறுபடியும் போனேன். “ஆறு மாசத்துல விலை குறையும்னு போன தடவை நீதானே சொன்ன? குறைஞ்சுதா?” என்றார். குறைந்திருந்தது. “அப்ப இன்னும் ஆறு மாசம் பொறுப்போம்” என்றார். வியாபாரி தன் வாயாலேயே கெட்டான் என்று நொந்துகொண்டு படியிறங்கினேன்.

மெஷின் மாற்றுவதற்கு அவர் மூன்று சட்டம் வைத்திருந்தார். வாடிக்கையாளர் பத்துப் பேராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும், நான் கேட்பது கணக்கில் வராது. மாற்றினால் ஆடியில் மாற்ற வேண்டும், இல்லை மார்கழியில் மாற்ற வேண்டும். இரண்டும் கல்யாணப் பேச்சு இல்லாத மாசங்கள், ஏதாவது கோளாறு ஆனாலும் யார் குடியும் கெடாது. மூன்றாவது, புதுசு வந்த பிறகும் பழசு ஒரு மாசம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே ஜாதகத்தை இரண்டிலும் போட்டு, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே பழசை அனுப்புவார். இந்த மூன்றாவது சட்டத்தைக் கேட்டு நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்!

தொண்ணூற்றைந்து கடைசியில் எதிர்வரிசையில் ஒருவன் கடை திறந்தான். விண்டோஸ் கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர், அட்டையில் பிள்ளையார், இருபது பக்க ஜாதகம். அக்காவின் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் என்ன, முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் கேட்காமலே எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். டிசம்பரில் அவரே எனக்குப் போன் செய்தார். “ராதா, மார்கழி பிறந்துருச்சு. வா.”

நான் பறந்துகொண்டு போனேன். விலையை அவர் நாலு விதமாகப் பிரித்துக் கேட்டார், நான் நாலு விதமாகச் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் என் துருப்பை எடுத்தேன். பழசை எடுத்துக்கொண்டு புதுசில் அறுநூறு வெள்ளி தள்ளுபடி. ஆனால் டிசம்பர் முப்பத்தொன்றோடு அந்தச் சலுகை முடிகிறது, பழசு அன்றைக்கே என் வேனில் ஏற வேண்டும்.

“ஒரு மாசம் இங்க இருக்கட்டுமே” என்றார்.

“இருந்தா அறுநூறு போச்சுக்கா. அட, இந்தப் புரோகிராமுக்கு ஊர் பேர் எல்லாமே தெரியும். கோலாலம்பூர்னு அமுக்கினா மிச்சத்தை அதுவே போட்டுக்கும். ஒரு கேள்வி கேக்காது.”

அப்படியே சொன்னேன், பெருமையாக. அவர் ரொம்ப நேரம் பழைய மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். தை பிறக்கப் போகிறது, எதிர்க்கடையில் கூட்டம் நிற்கிறது. “சரி, எடுத்துட்டுப் போ” என்றார். தன் மூன்றாவது சட்டத்தை அவர் மீறியது அன்றைக்குத்தான், அதுவும் என்னால்.

புது மெஷினைச் சோதித்துப் பார்க்க ஒரு ஜாதகம் வேண்டும் அல்லவா? “உன்னோடதையே போடு” என்றார். எனக்கு அப்போது இருபத்தொன்பது. சாலாக் செலாத்தானில் ஒரு ஜோசியர் கையால் எழுதிய என் ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய். அந்தச் செவ்வாயைப் பார்த்துவிட்டு ஐந்து வீட்டார் காபி குடித்த கையோடு எழுந்து போயிருக்கிறார்கள். அம்மா கும்பிடாத கோயில் இல்லை. நான் வெளியே சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். தேதியையும் மணியையும் தட்டினேன். கலரில் கட்டம் வந்தது. செவ்வாய் ஒன்பதில் இருந்தது.

தாளை உருவி அவரிடம் நீட்டினேன். “அக்கா, எட்டு இல்லை! ஒன்பது!”

எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிற மனுஷி, அன்றைக்குச் சந்தேகப்படவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. “எவனோ தப்பா எழுதினதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா... போ. போய் உங்க அம்மாகிட்ட காட்டு” என்றார். எனக்காக இப்படிக் கலங்குகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

தை மாதமே சம்பந்தம் அமைந்துவிட்டது. பண்டமாரானில் கன்னையா என்பவர், போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறவர். மகள் தனலெட்சுமி ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பார்த்து, “எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னுபோகுது, நீங்க வித்ததா?” என்று கேட்டாள். நான் விற்றதுதான். ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்திருந்தது. தட்டு மாற்றிப் பரிசம் போட்டோம். வைகாசியில் கல்யாணம்.

மாசியில் ஒரு காலை, அக்காவின் பழைய மெஷினை ஒரு லோரி கம்பெனிக்கு விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். மானிட்டர் பக்கவாட்டில் அந்தச் சீட்டு இருந்தது. ஒன்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

‘1942 – 45: 9. பிறகு 1981 முடிய: 7.30. 1982 முதல்: 8.’

எண்பத்திரண்டு பிறந்த அன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே மணியாக இருக்க வேண்டும் என்று. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு ஏழரை போட வேண்டும், பின்னால் பிறந்தவர்களுக்கு எட்டு. பழைய மெஷின் ஒவ்வொரு தடவையும் கேட்டது, அக்கா ஒவ்வொரு தடவையும் பார்த்துப் போட்டார். புது மெஷின் கேட்கவில்லை. எல்லாருக்கும் எட்டே போட்டுக்கொண்டது. நான் பிறந்தது அறுபத்தாறில்.

பழைய மெஷினிலேயே என் ஜாதகத்தை ஏழரை போட்டுத் தட்டினேன். நாலு நிமிஷம் கரகரத்தது. செவ்வாய் எட்டில் இருந்தது, கையால் எழுதிய அந்த மனுஷன் சொன்ன அதே எட்டில். அந்த டிஸ்க்கில் இருந்த பெயர்ப் பட்டியலில் முதல் பெயரே பவுனம்மாள் என்றிருந்தது, அதுவும் இரண்டு தடவை. சோதனைக்குப் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் என் செவ்வாயைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. சொன்னால் தனலெட்சுமி கிடைக்க மாட்டாள், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாலு நாள் அந்தச் சீட்டோடு அலைந்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா கூப்பிட்டார், மவுஸ் வேலை செய்யவில்லை என்று. நான் மேசைக்கடியில் குனிந்திருக்கும்போது சாலாக் செலாத்தானிலிருந்து வீரம்மா என்று ஒரு அம்மா வந்தார். இங்கே போட்ட ஜாதகத்தில் தன் மகளுக்குச் செவ்வாய் ஏழில் வந்துவிட்டதாம், மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்களாம். “பழைய ஜாதகத்துல ஆறுலதான் இருந்துச்சு ஆன்டி. பிள்ளை மூணு நாளா சாப்பிடல” என்று அழுதார்.

அக்கா மெல்ல, “மெஷின் சொல்றதுதாம்மா. நான் டைப்பிஸ்ட்” என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து, பையிலிருந்த சீட்டை எடுத்து அவர் கீபோர்டின் மேல் வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இது கேக்கலடா” என்றார். “கேக்கலன்னதும் நானும் மறந்துட்டேன்.” உடனே வீரம்மாவை உட்கார வைத்து, புரோகிராமுக்குள் எங்கேயோ ஒளிந்திருந்த மணிக்கணக்கைத் தேடிப் பிடித்து, எட்டை அழித்து ஏழரை போட்டார். மகளின் செவ்வாய் ஆறுக்குத் திரும்பியது. “தப்பு என்னோடது. நானே அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்றேன்” என்று வீரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

வீரம்மா போனபிறகு அக்கா பதிவு நோட்டை எடுத்தார். புது மெஷின் வந்ததிலிருந்து நூற்றெழுபது ஜாதகம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லி, வேறு போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் பெயர் என்னுடையது.

“அதை மட்டும் விட்டுருங்கக்கா” என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. “நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம்தானேக்கா? கவர்மென்ட் மாத்தின அரை மணி நேரம்!”

அவர் சீட்டில் இருந்த முதல் வரியை விரலால் தொட்டார். 1942 – 45: 9.

“இது யாருக்குன்னு நினைச்ச? ஜப்பான்காரன் இருந்தப்போ தோக்கியோ மணிதான் இங்கயும். ஒன்றரை மணி நேரம் தள்ளி. நான் நாற்பத்து மூணுல பிறந்தேன். அப்பா ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதி வெச்சாரு. எனக்குப் பதினாறு வயசுல ஒரு ஜோசியர் ஜாதகம் எழுதினாரு, அவருக்கு ஜப்பான் மணி ஞாபகம் வரல. எட்டுல செவ்வாய். பொண்ணுக்கு எட்டுல செவ்வாய்ன்னா தெரியும்ல?”

நான் ரிப்பேருக்கு வந்த மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“நாலு வீட்டுல வந்து பார்த்தாங்க. அதுல ஒருத்தர் ரயில்வே கிளார்க். அவருக்கு என்னைப் பிடிச்சிருந்துச்சு, எனக்கும்தான். அவங்க அம்மா பயந்துட்டாங்க. எண்பத்தேழுல நீ அந்தப் பழைய மெஷினைக் கொண்டாந்து வெச்சப்போ அது கேட்டுச்சு, எவ்வளவு வித்தியாசம்னு. அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாருமே கேக்கல. லைப்ரரிக்குப் போய்ப் பழைய பேப்பர் பார்த்துக் கண்டுபிடிச்சேன். முதல் ஜாதகமே என்னோடதுதான், ஏழரைக்கு ஒண்ணு, ஒன்பதுக்கு ஒண்ணு போட்டேன். ஒன்பது போட்டா எட்டுல ஒண்ணுமே இல்லடா. எனக்கு நாற்பத்து நாலு வயசு அப்போ.”

பட்டியலில் இருந்த இரண்டு பவுனம்மாள்களும் எனக்கு அப்போதுதான் புரிந்தார்கள். மார்கழியில் என் ஜாதகத்தைப் பார்த்து அவர் கண் ஏன் கலங்கியது, ஏன் சந்தேகப்படவில்லை என்பதும் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தொன்பது வயது ஆம்பளை, மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“பண்டமாரானுக்கு நானும் வரேன். மெஷின் என்னோடது” என்றார். “அப்புறம், அந்தப் பழசைத் திருப்பிக் கொண்டா. அறுநூறை நான் கொடுத்துடறேன்.”

அன்று மாலையே போனோம். கன்னையா முழுக்கக் கேட்டார். பிறகு, “யாருக்கும் தெரியாத விஷயத்தை ஏம்மா வீடு தேடி வந்து சொல்றீங்க?” என்றார்.

“எனக்குத் தெரியுதே” என்றார் அக்கா.

தனலெட்சுமி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, “உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டாள்.

“அஞ்சு நாளாச்சு.”

“அஞ்சு நாளும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க கிடைக்க மாட்டீங்கன்னுதான்.”

அவள் உள்ளே போய்விட்டாள். கன்னையா நல்ல மனிதர், கத்தவில்லை. இரண்டு நாளில் பரிசத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. நான் பழைய மெஷினை மேல்மாடிக்குத் தூக்கிப் போய்ப் புதுசின் பக்கத்தில் வைத்தேன். அக்கா நூற்றெழுபது பேரையும் கூப்பிட்டார். முப்பத்தெட்டுப் பேருக்கு லக்னமே மாறியிருந்தது. சிலர் திட்டினார்கள், சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். எதிர்க்கடையிலும் அதே புரோகிராம், அதே எட்டு. அக்கா அங்கேயும் போய்ச் சொன்னார். அவன் சிரித்துவிட்டு, “யாரு ஆன்டி கேக்கறாங்க?” என்றானாம்.

எட்டு மாசம் கழித்து கன்னையா போன் செய்தார். “தம்பி, மக ஆபீஸ் கம்ப்யூட்டர் மறுபடி நின்னுபோச்சாம். பார்க்க வரீங்களா?” போனேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வரன் வந்ததாகவும், இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டதாகவும் தனலெட்சுமியே சொன்னாள். “தேடி வந்து உண்மையைச் சொல்லிட்டுப் போனவங்களைவிட நல்ல இடம் எங்கப்பா தேடப் போறீங்கன்னு கேட்டேன். அப்புறம்தான் அப்பா உங்களுக்குப் போன் பண்ணாரு” என்றாள். மாமனார் சும்மா விடவில்லை, எனக்குச் செய்யாத பரிகாரம் பாக்கியில்லை.

தொண்ணூற்றேழு தையில், கிள்ளானில் கல்யாணம். அக்கா வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கல்யாண வீடுகளில் அவர் எப்போதும் அங்கேதான் உட்காருவாராம். தாலியில் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டியது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பெரியம்மா மகளை நிறுத்தியிருந்தார்கள். தனலெட்சுமி மணவறையிலிருந்து தலையை நிமிர்த்தி, “பவுனம்மா அக்காவைக் கூப்பிடுங்க” என்றாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அக்கா பதறிக்கொண்டு, “ஐயோ, நானெல்லாம் அங்க நிக்கக் கூடாதும்மா” என்றார். அவள் விடவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக மணவறை ஏறினார். நான் இரண்டு முடிச்சுப் போட்டுக் கயிற்றை விட்டேன். அவர் கயிற்றைக் கையில் எடுத்தவர், என் காதருகே குனிந்தார்.

“ராதா, இந்த மண்டபத்துக் கடிகாரம் சரியாடா?”

“சரிதான்கா.”

அவருக்குப் போதவில்லை. தன் கைக்கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகுதான் முடிச்சைப் போட்டார், அழுத்தி, இரண்டு தடவை.